அத்தை விருந்தாளியாக இருந்த காலம்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது நெஞ்சு பதறியது உண்மை. இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. நான் இங்கே மூச்சுமுட்டிக் கிடக்கிறேன், அம்மா மதுரையில் உட்கார்ந்து சிரிக்கிறாளே என்று நினைக்காதே. ஏதோ பெரிய வியாதி என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போனவளிடம் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாயுதான், போய்ச் சுக்குக் கஷாயம் குடி என்று அனுப்பினால் வருமே ஒரு சிரிப்பு, அதுதான் எனக்கு வந்தது. உன் கஷ்டம் எனக்கு நன்றாகத் தெரிந்த கஷ்டம். அது எந்த வழியாக வீட்டுக்குள் வரும், எங்கே உட்காரும், எப்படிப் போகும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

உன் மாமனார் காலமான பிறகு, போக்கிடம் இல்லாமல் உன் மாமியார் திருச்சிக்கு உன்னிடம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ரயில்வே கொடுத்த ஒற்றை அறை வீடு. நீ அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். உட்கார நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறாய். ஒரு வேலையும் செய்ய விடக்கூடாது என்று உன் மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாய். ரேஷன் அரிசியில் நல்லதாகப் பொறுக்கி அவருக்குத் தனியாக வடிக்கச் சொல்கிறாய். அப்படியும் அந்த அம்மாள் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, நீ உள்ளே நுழைந்தால் எழுந்து கதவு மறைவில் போய் நின்றுகொள்கிறார், ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வரவே கால் கூசுகிறது என்கிறாய். திண்டுக்கல்லில் இருக்கும் அவருடைய தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டதிலிருந்து உன் மனைவி உன்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிறாய். 'நான் என்னதான் செய்யட்டும் அம்மா' என்று முடித்திருக்கிறாய். அனுப்பாதே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படி அனுப்பாமல் சமாளிப்பது என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து உன் அத்தை நம் வீட்டில்தான் இருக்கிறார். உனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டதும், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்ட உன்னைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போய் விட்டதும், உன் கல்யாணத்தில் பந்தியில் நின்று சாம்பார் போதவில்லை என்று சமையல்காரனோடு மல்லுக்கு நின்றதும் அவர்தான். இந்த வீடு கட்டும்போதே அத்தையையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள் என்று நீ நினைத்திருப்பாய். அப்படி இல்லை. அவர் வந்து சேர்ந்தபோது உனக்கு மூன்று வயது. முதல் சில மாதங்கள் அவரும் நானும் பட்ட பாடு உனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இதுவரை வரவில்லை.

அப்பாவின் அக்கா அவர். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். பிள்ளை இல்லை. புருஷன் காய்ச்சலில் போய்விட, ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறி வந்து தம்பி வீட்டு வாசலில் நின்றார். அப்போது நாம் மதுரை ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு வளவில் குடியிருந்தோம். உனக்கு நினைவிருக்காது. ஒரே வாசல், உள்ளே எட்டுக் குடித்தனம், எல்லாருக்கும் சேர்த்துத் தெருமுனையில் ஒரு குழாய். நமக்கு இருந்தது முன்னறையும் சமையல்கட்டும். அப்பா மிஷன் பள்ளியில் வாத்தியார். நானும் மிஷன் பள்ளியில் எட்டு வரை படித்தவள். வாத்தியார் வீடு என்றால் நாலு பேர் வருவார்கள், போவார்கள். உபசாரத்தில் என்னை அடிக்க ஆள் இல்லை என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. அந்த மிதப்பில்தான் அத்தையை வாசலில் எதிர்கொண்டேன். கையைப் பிடித்து, "வாங்க மதினி. இது ஒங்க வீடு. எம்புட்டு நாள் வேணும்னாலும் இருந்துட்டுப் போங்க" என்றேன். இருந்துவிட்டு எங்கே போவது? அவருக்கு வேறு போக்கு ஏது? இதெல்லாம் அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை, அது பாட்டுக்கு வந்துவிட்டது.

பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணை வேலை வாங்குவது நம் பக்கத்தில் பெரிய கேவலம். கட்டிக் கொடுத்த பெண் வந்தால் அவள் உட்கார வேண்டும், தம்பி மனைவி நடக்க வேண்டும். நான் நடந்தேன். இருந்த ஒரே கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு அப்பா வெளியே வளவு முற்றத்தில் படுத்தார். அவருக்குக் காப்பி, எங்களுக்கு நீராகாரம். அவருக்கு முதலில் இலை போட்டு, இரண்டு காய் வைத்து, பக்கத்தில் நின்று பரிமாறி, அவர் எழுந்த பிறகுதான் நாங்கள் சாப்பிட்டோம். விளக்குமாற்றை எடுத்தால் பிடுங்கிக்கொள்வேன். குடத்தைத் தொட்டால், "ஐயய்யோ, நீங்க போயி தண்ணி தூக்கவா? வச்சுட்டு அங்கிட்டு உக்காருங்க மதினி" என்று விரட்டுவேன். எதிர் வீட்டு ஞானம்மா குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி, "ஏத்தா, நாத்தனாவ இப்படித் தாங்குறவள நான் எங்கிட்டும் பாத்ததில்ல" என்று சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

புகழ்ச்சி எத்தனை நாள் சோறு போடும்? மாதங்கள் போகப் போக இடுப்பு கழன்றது. விடியற்காலையில் குழாய்க்கு நின்று, இரண்டு தரம் உலை வைத்து, உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டே துவைத்து, எல்லாம் முடித்து நிமிர்ந்தால், அத்தை ஜன்னல் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த உட்காரல் எனக்கு நெருப்பாக எரியும். என் வீட்டில் எனக்கு உட்கார ஒரு மூலை இல்லை, உரக்கப் பேச ஒரு நாழிகை இல்லை. பானையை நங்கென்று வைப்பேன். அந்தச் சத்தம் கேட்டு அவர் இன்னும் சுருங்கிக்கொள்வார். இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோவார். பார்த்துப் பார்த்துச் சமைக்கிறேன், அதுவும் ருசிக்கவில்லையா மகாராணிக்கு என்று உள்ளுக்குள் கறுவுவேன். வாயில் மட்டும், "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க மதினி." ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முழங்காலில் நின்று, கர்த்தாவே, இந்தப் பாரத்தை நீக்கும் என்று ஜெபித்திருக்கிறேன். பாரம் பக்கத்திலேயே முக்காடு போட்டுக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தது. அவர் என்ன கேட்டிருப்பார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அவர் கேட்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் அப்பா பள்ளியிலிருந்து வாடிப்போய் வந்தார். அத்தையே அவரைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, எனக்கு எங்குட்டாவது ஒரு எடம் பாத்துக் குடு. ஒம் பொண்டாட்டி நல்லவதான். நான்தான் இங்க என்ன செய்யறதுன்னு தெரியாம கெடக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா போதகரிடம் விசாரித்து, தெற்கே எங்கோ ஒரு பெண்கள் போர்டிங் பள்ளியில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்து எழுதிப் போட்டுவிட்டார். சித்திரை முடிந்ததும் அவர் போக வேண்டியது. முகம் தெரியாத ஊரில், வயதான காலத்தில், நூறு பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சப் போகிறார் கூடப் பிறந்தவள் என்று அப்பா அன்று சாப்பிடவில்லை. எனக்கு? உள்ளதைச் சொல்கிறேன். அப்பாடா என்று இருந்தது.

அந்தச் சித்திரையில்தான் அழகர் திருவிழாவுக்குத் திருவாதவூர் சனம் வந்து இறங்கியது. அப்பாவின் சித்தப்பா குடும்பம். அவர்கள் சாமி கும்பிடுகிறவர்கள், நாம் வேதக்காரர்கள். அதனால் உறவு விட்டுப்போகுமா? அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வருடா வருடம் மதுரைக்கு வருகிறவர்கள்தான். எப்போதும் ஆற்றங்கரை மண்டபத்துப் பக்கம் வண்டியை அவிழ்த்துப்போட்டுக் கட்டுச்சோறு தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வருடம், இலங்கையிலிருந்து வந்த பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று முதல்நாள் பொழுது சாய வீட்டுக்கே வந்துவிட்டார்கள். சின்னதும் பெரிதுமாகப் பத்துப் பதினோரு பேர். சித்தப்பா வாசலில் நின்று, "ஏத்தா, அழகரப் பாக்க வாரோம், அப்படியே ஒங்களயும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவமேன்னு வந்தோம். ஒண்ணும் செய்ய வேணாம், ரெண்டு வாய் சோறு போதும்" என்றார். ரெண்டு வாயாம்! உள்ளே இருந்தது நாலு பேருக்கான சோறு. குடத்தில் தண்ணீர் அடியில் கிடந்தது. அடுப்பு அணைந்திருந்தது. நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாய். நான் சமையல்கட்டுக்கும் முன்னறைக்குமாக நாலு தரம் ஓடினேன். ஐந்தாவது தரம் திரும்பியபோது அத்தை நிலைப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். இத்தனை மாதமாகக் கட்டிக் காத்த உபசாரம் எல்லாம் அவிழ்ந்து விழுந்தது.

"மதினி! என்னத்த இப்படி மரமா நின்னு பாத்துக்கிட்டிருக்கீக? வந்த சனத்துக்கு ஒலை வைக்க வேணாமா? அந்தப் பெரிய பானையத் தூக்கிட்டு இங்கிட்டு வாங்க! எல்லாத்தையும் நான் ஒருத்தியேவா பாக்கணும்?"

வளவு முழுக்கக் கேட்டிருக்கும். ஞானம்மா எட்டிப் பார்த்தாள். சொல்லி முடித்ததும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. புருஷனைப் பறிகொடுத்து வந்த மூத்த நாத்தனாரை ஊர் உறவுக்கு முன்னால் வைதுவிட்டேன். அழுவார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இப்போதே கிளம்புவார் என்று நின்றேன். அத்தை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். "அரிசி எம்புட்டுப் போட?" என்றார்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல! குடத்தைத் தூக்கிக்கொண்டு ஞானம்மா வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வாங்கி வந்தார். அடுப்பை ஊதினார். சித்தப்பா பேரனைப் பிடித்து வெங்காயம் உரிக்க உட்கார வைத்தார். நான் புளி கரைப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் புளியா? வந்தவுகளுக்குப் பல்லு கூசிப் போகும் புள்ள" என்றார். அதுவரை என்னை 'நீங்க' என்றும் 'வாங்க' என்றும் பேசிக்கொண்டிருந்தவர். என் சமையலில் அவர் கண்ட முதல் குறை அது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூடவே, ஏன் என்று தெரியவில்லை, தோளிலிருந்து ஏதோ இறங்கியது மாதிரியும் இருந்தது.

இலை போட்டதும் சித்தப்பா, "நீயும் வந்து உக்காரு ஆத்தா. ஒன்னயப் பாக்கத்தானே வந்தோம்" என்று அத்தையைக் கூப்பிட்டார். அத்தை சோற்றுச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க சாப்பிடுங்க சித்தப்பா. நாங்க வீட்டாளுக, பெறகு சாப்பிடுறோம்" என்றார். நான் ரசத்தை அள்ளிய கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். எல்லாரும் எழுந்த பிறகு, வீட்டு ஆட்கள் இரண்டு பேரும் அடுப்பங்கரையில் எதிரெதிரே உட்கார்ந்து பானை அடியை வழித்துச் சாப்பிட்டோம். காய் இல்லை. குழம்பு அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அத்தை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. பசியோடு இருந்த மனுஷிக்கு இத்தனை நாளாக மரியாதையைப் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறேனே!

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. உனக்கு நான் சொல்ல வருவது மறுநாள் காலையில்தான் இருக்கிறது. விருந்தாளிகள் இருட்டோடு ஆற்றுக்குப் போய்விட்டார்கள். நான் அத்தையிடம் போய், "நேத்து ஏதோ அவசரத்துல வாய் தவறி..." என்று ஆரம்பித்தேன். அவர் முகம் விழுந்தது பார், அப்படியே விளக்கு அணைந்தது போல. அந்த மன்னிப்பை நான் கேட்டு முடித்தால் அவர் மறுபடியும் ஜன்னல் ஓரத்துக்குப் போய்விடுவார் என்று எனக்குப் பளிச்சென்று புரிந்தது. வாய்வரை வந்ததை விழுங்கினேன். "கொழாயில தண்ணி வந்துரும். நீங்க போறீகளா, நான் போகவா?" என்று கேட்டேன். எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா அந்த ஒரு வார்த்தை! நல்ல தம்பி மனைவி என்ற பேரை நானே கழற்றி வைக்க வேண்டியிருந்தது. அவர் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

பத்து நாளில் போர்டிங் பள்ளியிலிருந்து ஆள் வந்தது, திங்கட்கிழமை அனுப்புங்கள் என்று. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, பெட்டியெல்லாம் எடுத்து வச்சாச்சா?" என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ! "என்னங்க நீங்க, திங்கக்கெழமன்னா? மாடி நெறைய வடகம் புழிஞ்சு போட்டிருக்கோம். இவுக போயிட்டா யாரு காக்கா வெரட்டுறது? ஒங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைகளா வந்து வெரட்டும்?" என்று பிடித்துக்கொண்டேன். அத்தை நிதானமாக, "ஆமா தம்பி. அது காயட்டும்" என்றார். அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அழுதேன் என்று பிறகு என்னிடம் சொன்னார். வடகம் காய்ந்தது. அப்புறம் மிளகாய் காய வேண்டியிருந்தது. அப்புறம் உனக்கு அம்மை போட்டது. அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ராசா, ஒன்றைக் கவனி. வீடு பெரிதாகவில்லை. அப்பா சம்பளம் கூடவில்லை. குழாய் அங்கேதான் இருந்தது. அத்தையும் அதே அத்தைதான், நானும் அதே நான்தான். இவர் வந்துபோகிறவர் என்று பார்த்ததை நிறுத்தி, இவர் இருக்கிறவர் என்று பார்க்க ஆரம்பித்தேன். அது ஒன்றுதான் மாறியது. கட்டில் கூட மறுபடியும் பொதுவாகிவிட்டது, யாருக்கு இடுப்பு வலிக்கிறதோ அவர்களுக்கு. சண்டை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகவே வந்தது. ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடுவதா நசுக்கிப் போடுவதா என்று இன்றைக்கு வரைக்கும் தீரவில்லை. ஒருநாள் குழாய்க்குப் போகச் சொன்னால், "இன்னைக்கு என்னால ஆகாது. நீயே போ" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். முணுமுணுத்துக்கொண்டே போனேன். பாதி வழியில் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. விருந்தாளி ஒருநாளும் அப்படிச் சொல்லமாட்டாள். மாட்டேன் என்று சொல்லத் தைரியம் வந்தால்தான் அது ஒருத்திக்கு வீடு. அதனால் உன் மாமியாருக்கு வேலை கொடு என்று நான் சொல்லப்போவதை, வேலை வாங்கு என்று எடுத்துக்கொள்ளாதே. இரண்டுக்கும் வித்தியாசம் அதுதான்.

உன் நிலைமை என்னுடையதைவிடக் கொஞ்சம் சிக்கல், ஒப்புக்கொள்கிறேன். மருமகன் வீட்டில் மாமியார் இருப்பது நம் ஊரில் லேசான காரியம் இல்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று ஒவ்வொரு கவளமும் அந்த அம்மாளுக்குக் குத்தும். நீ தனியாக வடித்துப் போடும் நல்லரிசி இன்னும் குத்தும். நானும் நாத்தனாரும் அடுப்பங்கரையில் உரசிக்கொண்டது போல நீ அவரோடு உரசிக்கொள்ள முடியாது. மாமியாரை வைதுவிட்டு வந்து என் மேல் பழி போடாதே. ஆனால் கேட்கலாம். அந்த நல்லரிசியை முதலில் பொதுப் பானையில் போடு. பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அவனை இனி உன் மாமியார் பார்த்துக்கொள்ளட்டும். சட்டைப் பொத்தான் அறுந்தால் மனைவியிடம் கொடுக்காதே, அவரிடம் கொடு. முதலில் கதவு மறைவிலிருந்தே வாங்கிக்கொள்வார். வாங்கிக்கொள்ளட்டும். குழம்பில் உப்பு ஏறிவிட்டால், நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லி எழுந்துபோகாமல், உப்பு ஏறிவிட்டது என்று சொல். நீ பொய் சொல்லும் வரைக்கும் நீயும் உன் வீட்டில் விருந்தாளிதான். உனக்கு மூச்சு முட்டுவது அதனால்தான், வீடு சின்னதாக இருப்பதால் இல்லை. உன் மனைவியிடம் இன்றைக்கே போய், திண்டுக்கல் பேச்சு இனி இல்லை என்று சொல்லிவிடு. மற்றதெல்லாம் மெதுவாக நடக்கட்டும்.

இதுவரை எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கண் மங்கிவிட்டது அவருக்கு, காது மட்டும் பாம்புக் காது. பாதியிலேயே, "நான் எப்ப புள்ள கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்? நீதானே உக்கார வச்ச!" என்று சண்டைக்கு வந்தார். நியாயம்தான், எழுதியாயிற்று, இனி அடிக்க முடியாது என்றேன். பிறகு, "அவனுக்கு ஒண்ணு எழுது. நான் கப்பல்ல வந்து எறங்குனது தை மாசம். நீ என்னைய வைஞ்சது சித்திரையில. அன்னைக்குத்தான் நான் ஊரு வந்து சேந்தேன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். உன் மாமியார் உன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் என்கிறாய். அவர் இன்னும் வந்து சேரவில்லை, ராசா. போய் அழைத்துக்கொண்டு வா.

உன் அம்மா